ஒரே சில்லு, மூணு வரி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான். ஆனா போன வாரம் டீக்கடையில எங்க டீம் நண்பர் ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தை ரெண்டு நாளா தூங்க விடல. "பட்ஜெட்லதான் வெளிநாட்டுப் பார்சலுக்கு வரிய பாதியா குறைச்சுட்டாங்களே, இன்னும் என்னய்யா பழைய கதையச் சொல்லிப் புலம்பிட்டு இருக்க?"ன்னார். கையில சூடா டீ இருந்ததால அங்க சண்டை போடல. வீட்டுக்கு வந்து பொட்டியைத் திறந்து வச்சு இங்க போடுறேன். நீங்க நடுவரா இருங்க.

முதல்ல அந்தப் பழைய கதை.

2022 மார்ச், ஒரு சனிக்கிழமை. வாசல்ல பெல் சத்தம். அம்மா கதவைத் திறந்தாங்க. எங்க தெருவுக்கு வழக்கமா வர்ற தபால்காரர். கையில சோப்பு டப்பா சைஸ்ல ஒரு பொட்டலம். "ஜெர்மனியில இருந்து வந்திருக்கும்மா. 3,864 ரூபா கட்டணும்."

அம்மா அவரை மேலயும் கீழயும் பார்த்தாங்க. காரணம் இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடிதான் அவங்க செல்லுக்கு ஒரு போன் வந்திருந்துச்சு. உங்க பேர்ல வெளிநாட்டுப் பார்சல் வந்திருக்கு, கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சிருக்கோம், பணம் கட்டுனா விடுவோம், இல்லாட்டி கேஸு. "எனக்கு வெளிநாட்டுல யாருய்யா இருக்கா, பார்சல் அனுப்ப?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. தப்பிச்சோம். இப்போ அதே வசனத்தை, நாலு வருஷமா பழகின தபால்காரர் வாசல்ல நின்னு சொல்றார்.

உள்ள வந்து காதுல கிசுகிசுத்தாங்க: "தம்பி, இது நெசமாவே கவர்மெண்டுதானா?"

நெசமாவே கவர்மெண்டுதான். பொட்டலத்து மேல ஒட்டியிருந்த சீட்டுல தொகை மட்டும் பெரிசா இருந்துச்சு. எதுக்கு எவ்வளவுன்னு தமிழ்லயும் இல்ல, புரியுற இங்கிலீஷ்லயும் இல்ல. தபால்காரர்கிட்ட கேட்டேன். "சார், எனக்கு என்ன தெரியும்? பேப்பர்ல இருக்குறத வாங்கணும். வேணாம்னா ரிட்டர்ன் போட்டுருவேன்"னார். அவர் மேல தப்பே இல்ல. பாவம், எங்க தெருவுல அவர் வாங்குற திட்டெல்லாம் யாரோ எழுதின சட்டத்துக்காக வாங்குறது.

கட்டிட்டேன்.

உள்ள இருந்தது ரெண்டு சில்லு. கம்ப்யூட்டர் சிப்னு சொல்வோமே, அதான். நகத்துல பாதி இருக்கும் ஒவ்வொண்ணும். ரெண்டும் சேர்ந்து 4,000 ரூபாய், தபால் செலவு 1,000. ஐயாயிரம் ரூபாய் பொட்டலத்துக்கு வரி 3,864. அம்மா கணக்கு போட்டுப் பார்த்துட்டு, "இதுக்கு அந்தப் புள்ளையையே ஜெர்மனியில இருந்து கூட்டிட்டு வந்திருக்கலாம்"னாங்க. சிரிச்சோம். அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு பெரிய உண்மை இருந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு வரேன்.

சில்லு எனக்கு இல்ல. எங்க காலேஜ்ல ஃபைனல் இயர் படிச்ச ஜூனியர் பொண்ணு ஒண்ணுக்கு. பேராவூரணிப் பக்கம் ஊரு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ அவங்க தோப்புல பாதி தென்னை சாஞ்சுது. மிச்சம் நின்ன மரத்துல சிவப்புக் கூன்வண்டு. உங்கள்ல தென்னை வச்சிருக்குறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. புழு தண்டுக்குள்ளயே இருந்து தின்னும். வெளிய பார்த்தா மரம் நல்லாத்தான் இருக்கும். குருத்து சாயும்போதுதான் தெரியும், அப்போ மரம் போயிருக்கும். ஆனா புழு தின்னும்போது உள்ள மெல்லிசா ஒரு சத்தம் வரும். தண்டுல காதை வச்சுக் கேட்டே கண்டுபிடிக்குற பெரியவங்க உண்டு. அந்தக் காதை ஒரு கருவியா பண்றதுதான் அவளோட ப்ராஜெக்ட். அவ்ளோ சன்னமான சத்தத்தைப் பிடிச்சு எண்ணாக்கித் தர, இரைச்சல் குறைவான ஒரு சில்லு வேணும். 2022-ல உலகம் பூரா சில்லுப் பஞ்சம், ஞாபகம் இருக்கும். இங்க விசாரிச்ச இடத்துல எல்லாம் ஸ்டாக் இல்ல, வந்தா சொல்றோம்னாங்க. ஜெர்மனியில எம்.எஸ். படிச்சிட்டிருந்த என் பழைய ரூம்மேட் ஒரு சின்னக் கடையில தேடிப் பிடிச்சு வாங்கி தபால்ல போட்டான்.

இப்போ அந்த 3,864-ஐ உடைச்சுப் பார்ப்போம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம நானே உட்கார்ந்து உடைச்சதுதான்.

சுங்கத் தீர்வைப் பட்டியல்ல 9804-னு ஒரு தலைப்பு இருக்கு. தபால்லயோ விமானத்துலயோ சொந்த உபயோகத்துக்கு வர்ற, வரி போடத்தக்க பொருள் எல்லாம் இந்தத் தலைப்புக்குள்ள. மருந்துக்கு மட்டும் தனி வரி விகிதம். மிச்சம் எல்லாம் ஒரே மூட்டை. துணியா, பொம்மையா, கேமரா லென்ஸா, சில்லா, கவலை இல்ல. 2022-ல அந்த மூட்டைக்கு அடிப்படை சுங்க வரி 35%. 5,000-க்கு 1,750. கவனிங்க, 4,000-க்கு இல்ல. தபால் செலவையும் சேர்த்துத்தான் மதிப்பு போடுவாங்க. ஸ்டாம்புக்கும் சுங்கம். அப்புறம் அந்த வரி மேல 10% சமூக நல கூடுதல் வரி, 175. இப்போ பொருள், தபால், வரி, வரிக்கு வரி எல்லாம் கூட்டினா 6,925. அது மேல 28% ஐ.ஜி.எஸ்.டி., 1,939. மொத்தம் 3,864. அதாவது 77.28%.

வரியே போடக்கூடாதுன்னு சொல்ல வரல மக்களே. மாசா மாசம் சம்பளத்துல பிடிக்குறாங்க, ஒரு பதிவும் போட்டதில்ல. என்னைக் கடுப்பேத்தினது இதுக்கு அடுத்து நான் கண்டுபிடிச்சது.

அதே சில்லை ஒரு வியாபாரி இறக்குமதி பண்ணா? அவருக்கு 9804 கிடையாது. சில்லுக்குன்னு இருக்குற சொந்தத் தலைப்பு, 8542. அதுக்கு அடிப்படை சுங்க வரி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல 1997-ல இந்தியா சேர்ந்துச்சு. சில்லுக்கு சுங்க வரி இல்லைன்னு வாக்கு குடுத்திருக்கோம். சுங்கம் பூஜ்யம்னா அது மேல போடுற கூடுதல் வரியும் பூஜ்யம். ஆக 18% ஐ.ஜி.எஸ்.டி. மட்டும். 5,000-க்கு 900 ரூபாய். அந்த 900-ஐயும் அவர் பொருளை வித்து வரி கட்டும்போது இன்புட் கிரெடிட்டா கழிச்சுக்கலாம். நான் கட்டின 3,864-ல ஒரு பைசா எனக்குத் திரும்பாது.

சரி, அதே சில்லை என் ரூம்மேட் லீவுக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில போட்டுக் கொண்டு வந்திருந்தா? 2016 பேகேஜ் விதிப்படி அன்னைக்கு 50,000 ரூபாய் வரைக்கும் வரி கிடையாது. சட்டைக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவுல சொருகிட்டு வந்திருப்பான். பூஜ்யம். அந்த வரம்பைத் தாண்டியிருந்தாக்கூட 38.5%தான், ஏன்னா பேகேஜுக்கு ஐ.ஜி.எஸ்.டி. கிடையாது.

ஆக, ஒரே சில்லு. ஒரே நாடு. ஒரே வருஷம். வியாபாரி கொண்டு வந்தா 18. விமானத்துல வர்ற மச்சான் கொண்டு வந்தா 0. தபால்காரர் கொண்டு வந்தா 77.28.

அம்மா சொன்னாங்களே, அந்தப் புள்ளையையே கூட்டிட்டு வந்திருக்கலாம்னு. சட்டம் அதையேதான் சொல்லுது!

இதுல நான் ஒரு வாக்குமூலம் குடுத்தாகணும். என் வேலை அப்படி. டீம்ல எப்பவும் யாராவது ஆன்சைட்டுல இருப்பாங்க. யாராவது திரும்பி வருவாங்க. "மச்சி, பெட்டியில இடம் இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும். ஹெட்போன், ஷூ, அம்மாவுக்கு வைட்டமின் மாத்திரை, எல்லாம் அப்படித்தான் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அஞ்சு பைசா வரி கட்டினதில்ல. அது சட்டப்படி சரிதான். உங்கள்லயும் பாதிப் பேர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும், சும்மா நெளியாதீங்க :-)

அப்போ இந்த 77.28-ஐ யார் கட்டினா? அமெரிக்காவுல அண்ணனும் சிங்கப்பூர்ல மாமாவும் இல்லாதவங்க. ஏர்போர்ட்டுக்குப் போய் யாரையும் கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இல்லாத குடும்பம். பேராவூரணியில ஒரு தென்னந்தோப்பு. வசதி இருக்குறவனுக்கு பெட்டி, இல்லாதவனுக்கு தபால். இந்த வரி பொருள் மேல இல்லீங்க. உங்களுக்கு வெளிநாட்டுல ஆள் இருக்கா இல்லையாங்குறது மேல.

இப்போ எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு பார்ப்போம். நியாயமாப் பேசணும்ல.

ஒண்ணு, "உள்நாட்டுத் தொழிலைக் காப்பாத்த வேணாமா?" வேணும். காப்பாத்தணும்னா பொருளுக்குத்தானே வரி போடணும்? பொம்மை செய்றவரைக் காப்பாத்த பொம்மைக்கு வரி, சரி. சில்லுக்கு சுங்கமே வேணாம்னு முடிவு பண்ணி வியாபாரிக்கு பூஜ்யம் போட்ட அதே அரசு, ஒரு மாணவி ரெண்டே ரெண்டு வாங்கினா 35 போடுது. ரெண்டு சில்லால எந்தத் தொழில் முழுகிப் போகும்? 20,000 சில்லு கொண்டு வர்றவர் கிட்ட வராத ஆபத்து, ரெண்டு சில்லு வாங்குறவ கிட்ட எப்படி வருது?

ரெண்டு, "ஏமாத்துறாங்களே!" இது உண்மை, ஒத்துக்குறேன். முன்னாடி 5,000 ரூபாய் வரைக்கும் பரிசுப் பொருளுக்கு வரிவிலக்கு இருந்துச்சு. சில வெளிநாட்டு ஆன்லைன் கடைங்க, காசு குடுத்து வாங்கின துணியை எல்லாம் பரிசுன்னு எழுதி ஆயிரக்கணக்குல அனுப்புனாங்க. அதைத் தடுக்கணும்தான். என்ன பண்ணாங்க? 2019 டிசம்பர்ல பரிசு விலக்கையே தூக்கிட்டாங்க. முழு வரி கட்டினா பரிசு வரலாம். விதிவிலக்கு ரெண்டே ரெண்டு: உயிர் காக்கும் மருந்து, அப்புறம் ராக்கி. ஆமாங்க, ராக்கி கயிறு. அதுலயும் ராக்கிக்கு மட்டும்தான், ராக்கியோட வர்ற பரிசுக்கு இல்லைன்னு தெளிவா விளக்கம் வேற. தங்கச்சி கட்டுற கயிறை ஞாபகம் வச்சு எழுதின அந்தப் பேனாவுக்கு, துபாய்ல இருந்து அண்ணன் தங்கச்சிக்கு அனுப்புற பொங்கல் சீர் ஞாபகம் வரல. ராக்கி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. உறவுன்னா என்னன்னு ஒரு அரசாணை தீர்மானிக்கப் போனா இப்படித்தான் ஆகும். பத்து கடைக்காரன் ஏமாத்துனதுக்கு, பிறந்தநாளுக்கு பேரனுக்கு பொம்மை அனுப்புற தாத்தாவுக்கு தண்டனை.

மூணு, "எல்லா நாடும் இப்போ இப்படித்தான்." பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில எடுத்துடுச்சு. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29-ல எல்லா நாட்டுக்கும் நிறுத்திடுச்சு. ஆனா சிங்கப்பூரைப் பாருங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் அங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க. 400 வெள்ளி வரைக்கும் இருந்த விலக்கை அவங்களும் 2023 ஜனவரியில இருந்து ஆன்லைன்ல வாங்குற பொருளுக்கு எடுத்தாங்க. ஆனா எப்படி? உள்ளூர் கடையில என்ன ஜி.எஸ்.டி.யோ அதே விகிதம். அதையும் வாங்கும்போதே கடைக்காரர் வசூல் பண்ணிடுவார். பில்லுல தெரியும். வாசல்ல வந்து யாரும் அதிர்ச்சி வைத்தியம் குடுக்க மாட்டாங்க. வரி போடுறதுல ஒரு மரியாதை இருக்கு பாருங்க, அதைத்தான் கேக்குறேன்.

சில்லு போச்சு, தொலையட்டும். உயிர் போற விஷயத்துலயும் இதே 9804 வந்து நின்னுச்சு, மறந்துட்டீங்களா? 2021, கொரோனா ரெண்டாவது அலை. ஆக்சிஜன் செறிவூட்டி கிடைக்காம நாடே அலைஞ்சுது. வெளிநாட்டுச் சொந்தக்காரங்க அனுப்பி வச்சாங்க. சொந்த உபயோகத்துக்கு வந்ததால 28% ஐ.ஜி.எஸ்.டி. ஜனங்க கத்தினதுக்கு அப்புறம், மே 1-ஆம் தேதி 12% ஆக்கினாங்க, அதுவும் ஜூன் 30 வரைக்கும்தான். நிவாரணத்துக்காக இலவசமா மாநில அரசு சொன்ன அமைப்பு வழியா வந்தா பூஜ்யம். தனி மனுஷனுக்கு வந்தா 12. டெல்லியில 85 வயசுப் பெரியவர் ஒருத்தர், அமெரிக்காவுல இருந்து அவர் அண்ணன் மகனோ தங்கை மகனோ அனுப்பின கருவிக்கு எதுக்கு வரின்னு கோர்ட்டுக்குப் போனார். மே 21-ல டெல்லி உயர் நீதிமன்றம், தனி மனுஷன்னு பிரிச்சு வரி போடுறது அரசியல் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அரசு அப்பீல் போச்சு. ஜூன் 1-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டுச்சு. மூச்சுக்கும் இதே கேள்விதான்: யார் வழியா வந்துச்சு?

அதே 2021-லதான் முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய் வந்த குழந்தைகளுக்கு 16 கோடி ரூபாய் ஊசி பத்தின செய்தி வந்துச்சு. வரி மட்டும் கோடிக்கணக்குல. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியா மனு குடுத்து தள்ளுபடி வாங்கிச்சு. அப்புறம் செப்டம்பர்ல லக்னோவில கூடின ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த மருந்துக்கு ஐ.ஜி.எஸ்.டி.யே வேணாம்னு முடிவு பண்ணுச்சு. இதை ஏன் சொல்றேன்னா, விதியை மாத்துறது மலையைப் புரட்டுற வேலை இல்ல. கேட்டா மாறும். கேக்கணும்.

இப்போ டீக்கடை நண்பருக்கு வரேன். அவர் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 28% அடுக்கே போயி, இந்த மூட்டைக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18% ஆச்சு. 2026 பிப்ரவரி பட்ஜெட்ல சொந்த உபயோகப் பொருளுக்கு அடிப்படை சுங்கத்தை 20-ல இருந்து 10 ஆக்குறோம்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். 77.28-ங்குற அசிங்கம் போச்சு. கை தட்டுறேன், நெசமாவே.

ஆனா நண்பரே, கத்தி சின்னதாச்சு. கத்தி பிடிச்ச கை மாறல. 9804 மூட்டை அப்படியேதான் இருக்கு. வியாபாரிக்கு சுங்கம் பூஜ்யமா இருக்குற சில்லுக்கு எனக்கு இன்னமும் சுங்கம். அதே பிப்ரவரியில இன்னொண்ணும் நடந்துச்சு, பார்த்தீங்களா? விமானத்துல வர்றவர் பெட்டிக்கு இருந்த 50,000 வரம்பு 75,000 ஆச்சு. தபாலுக்கு என்ன வரம்பு? சுங்கச் சட்டம் 1962, பிரிவு 25(6). வரித் தொகை நூறு ரூபாய்க்குள்ள இருந்தா வசூலிக்க வேணாம். அவ்வளவுதான். 2022 விகிதத்துல நூறு ரூபாய் வரி வரணும்னா பொட்டலத்தோட மதிப்பு தபால் செலவோட சேர்த்து 129 ரூபாய். இப்போ விகிதம் குறைஞ்சதால அது கொஞ்சம் கூடியிருக்கும். அந்தக் காசுக்கு வெளிநாட்டுல இருந்து பொருளை விடுங்க, தபால் செலவே கட்டுபடி ஆகாது. பெட்டிக்கு 75,000. பொட்டலத்துக்கு நூறு ரூபாய் வரி. இதுல எங்க இருக்கு சமம்?

இன்னொரு விஷயம், அம்மா கேட்ட கேள்வி. "இது நெசமாவே கவர்மெண்டுதானா?" அந்தப் போன் பண்ற திருடனுங்க ஏன் கஸ்டம்ஸ் பேரைச் சொல்றானுங்க, யோசிச்சுப் பாருங்க. மின்வாரியம் பேரைச் சொன்னா நமக்கு பில் எப்படி இருக்கும்னு கொஞ்சமாவது தெரியும். கஸ்டம்ஸ் கணக்கு எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியாது. எவ்வளவு கேட்டாலும் நம்பலாம், ஏன்னா நெசமாவே 5,000-க்கு 3,864 கேக்குறாங்களே! உண்மையான சீட்டு புரியாம இருக்குற வரைக்கும் பொய்யான போனுக்கு மவுசு குறையாது. சுங்கத்துறை அனுப்புற கடிதத்துக்கு எல்லாம் டின்னு ஒரு அடையாள எண் 2019-ல இருந்து உண்டு, துறையோட இணையதளத்துல சரி பார்க்கலாம். தெரிஞ்சவங்க எத்தனை பேர்? அதே மாதிரி, போட்ட வரி தப்புன்னு தோணினா 128-ஆம் பிரிவுப்படி 60 நாளைக்குள்ள கமிஷனர் கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். என் பொட்டலத்துச் சீட்டுல அப்படி ஒரு வரி இல்ல. உரிமை சட்டப் புத்தகத்துல, தொகை மட்டும் சீட்டுல.

சும்மா திட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. பொட்டி தட்டுறவன், பக் சொன்னா ஃபிக்ஸும் சொல்லணும். நாலே நாலு.

ஒண்ணு, பொருளோட சொந்தத் தலைப்புல என்ன வரியோ, 9804-ல என்ன வரியோ, ரெண்டுல எது கம்மியோ அதை மட்டும் வாங்குங்க. வியாபாரியை விட தனி மனுஷன் அதிகமாக் கட்டக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கையே.

ரெண்டு, பெட்டிக்கு குடுக்குற சலுகையில பத்துல ஒரு பங்காவது, வருஷத்துக்கு ஒருமுறையாவது, தபாலுக்குக் குடுங்க. ஆதாரோ பான் நம்பரோ கேட்டுக்குங்க. ஒரே ஆள் பேர்ல நூறு பொட்டலம் வந்தா கம்ப்யூட்டர் பிடிச்சுடும். அந்த மாதிரி புரோகிராம் எழுத எங்க டீம் பயலுகளே போதும்.

மூணு, சீட்டுல உடைச்சு எழுதுங்க. எந்தத் தலைப்பு, என்ன மதிப்பு, எந்த வரி எவ்வளவு, ஒத்துக்கலைன்னா யாரைக் கேக்கணும். தமிழ்நாட்டுல வர்ற சீட்டுல தமிழ்லயும்.

நாலு, வாங்கும்போதே வரி கட்டுற வழி. வாசல்ல தபால்காரரை வில்லனாக்காதீங்க.

இன்னொண்ணு சொல்லணும். வியாபாரி ஆகுறது ரொம்பக் கஷ்டமோன்னு நினைச்சேன். பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட், 500 ரூபாய் கட்டணம் இருந்தா இறக்குமதியாளர் எண் வாங்கிடலாம். சொந்த உபயோகத்துக்கு அந்த எண் தேவையில்லைன்னு நமக்கு ஒரு சலுகை. அந்தச் சலுகைக்கு விலைதான் 77.28. நான் வியாபாரின்னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா வரி கம்மி. படிக்கிற பொண்ணுக்கு வேணும்னு உண்மையைச் சொன்னா வரி அதிகம். பொய்க்கு தள்ளுபடி குடுக்குற சட்டத்தை நல்ல சட்டம்னு எப்படிச் சொல்ல?

கதைக்கு முடிவு சொல்லணும்ல.

அந்தப் பொண்ணு, "எவ்ளோ ஆச்சுண்ணா?"ன்னு கேட்டப்போ, "நாலாயிரம், மெதுவாக் குடு"ன்னு சொன்னேன். தபால் செலவையும் வரியையும் சொல்லல. ஆனா அவசரத்துல பொட்டலத்தை உறையோட அப்படியே காலேஜுக்கு அனுப்பிட்டேன். அந்தச் சீட்டைக் கிழிக்க மறந்துட்டேன்.

முதல் சில்லு சால்டர் பண்ணும்போதே போச்சு. கை பழகாத யாருக்கும் நடக்குறதுதான், எனக்கு காலேஜ்ல மூணு போச்சு. ரெண்டாவது நல்லா வேலை செஞ்சுது, ஒன்பது நாள். தண்டுக்குள்ள புழு மெல்லுற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பினா. மழை ஓட்டுல விழற மாதிரி, ரொம்ப தூரத்துல. பத்தாவது நாள் தோப்புல வச்சு சோதிக்கும்போது பேட்டரியை மாத்திக் குடுத்துட்டா. புகை.

எனக்குச் சொல்லவே இல்ல. இன்னொண்ணு கேக்கவும் இல்ல. உள்ளூர்ல கிடைக்குற அறுபது ரூபாய் மைக் போர்டை வச்சு, காலேஜ் ஹால்ல, ஸ்பீக்கர்ல ஓட்டின ரெக்கார்டிங்கைக் கண்டுபிடிக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு ப்ராஜெக்டை முடிச்சுட்டா. மார்க் வந்துடுச்சு. மரத்துல அது வேலை செய்யாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆறு மாசம் கழிச்சு பார்த்தப்போ, "ஏம்மா சொல்லல? இன்னொரு சில்லு வரவச்சிருப்பேனே"ன்னேன்.

"கவர்ல இருந்த சீட்டைப் பார்த்தேண்ணா. எட்டாயிரத்து எண்ணூறைத் தூக்கி நாலாயிரம்னு சொல்லியிருக்கீங்க. மறுபடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பேன்?"

இப்போ அவ கோயம்புத்தூர்ல வேலையில இருக்கா, நல்லா இருக்கா. தோப்புல இந்த நாலு வருஷத்துல இன்னும் பதினோரு மரம் போயிடுச்சாம். அந்தக் கருவி இருந்திருந்தா பதினொண்ணும் பொழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்க்க அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அரசாங்கத்துக்குக் கிடைச்சது 3,864 ரூபாய்.

குறைச்சுட்டாங்களேன்னு கேட்ட நண்பருக்கு இதான் என் பதில். அடுத்த தடவை டீ அவர் கணக்கு.

டிஸ்கி 1: வரி கட்டாம எப்படித் தப்பிக்கறதுன்னு யாரும் மெயில் அனுப்ப வேணாம். பெட்டியில இடம் இருக்கான்னும் கேக்க வேணாம்.

டிஸ்கி 2: உங்க வீட்டுக்கு வந்த சீட்டுல ஒழுங்கா உடைச்சு எழுதியிருந்துச்சுன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. சந்தோஷமா ஒரு பாராட்டுப் பதிவு போட்டுடறேன்.